மஞ்சள் கோடு போட்டவர்கள்

அமெரிக்காவில், சாதாரணக் காருக்குள் பெரிய இன்ஜினை வைத்துக் கட்டிய பழைய மஸில் கார்களைப் புதுப்பிக்கிறவர்கள் செய்கிற ஒரு காரியம் கொஞ்ச காலமாக என் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. 1969ஆம் ஆண்டு கமாரோ ஒன்றையோ 1970ஆம் ஆண்டு சேலஞ்சர் ஒன்றையோ நட்டு போல்ட்டு வரை கழற்றி, துரு நீக்கி, பெயின்ட் அடித்து, மறுபடி பூட்டி முடித்த பிறகு, ஒரு மெழுகுப் பென்சிலைக் கையில் எடுக்கிறார்கள். இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகட்டில் கோணல்மாணலாக ஓர் எண்ணைக் கிறுக்குகிறார்கள். ஸ்டியரிங் பெட்டியின் மேல் பெயின்ட்டால் ஒரு பொட்டு வைக்கிறார்கள். பின் அச்சின் மேல் பிரஷ்ஷை அலட்சியமாக ஓர் இழுப்பு இழுக்கிறார்கள். அரை நூற்றாண்டுக்கு முன்னால் ஆலையின் லைனில் நின்றவர்கள், இந்தப் பாகம் இந்த வண்டிக்கு, இந்த வேலை முடிந்தது, இதைப் பார்த்தாயிற்று என்று அடுத்த ஆளுக்குத் தெரிவிக்க அவசரத்தில் போட்ட குறிகள் அவை. அந்த அவசரத்தை இன்று நாள்கணக்காகப் பழைய புகைப்படங்களைப் பார்த்து, அதே சாய்வில், அதே தடிமனில் படியெடுக்கிறார்கள். பெயின்ட் அன்று எங்கே கூடுதலாகச் சிதறியதோ அங்கே இன்றும் சிதற வேண்டும். போட்டிகளில் நடுவர்கள் டார்ச் அடித்து வண்டியின் அடிவயிற்றைப் பார்க்கிறார்கள். ஆலை செய்ததைவிட நேர்த்தியாகச் செய்திருந்தால் மதிப்பெண் குறையும். கார்வெட் காரைப் புதுப்பிக்கிறவர்கள் 1974இல் தொடங்கிய சங்கத்துக்கு இதுதான் அடிப்படை விதி: வண்டி ஆலையை விட்டு வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ, குறைகளோடு அப்படியே இருக்க வேண்டும். இதைப் படிக்கப் படிக்க முதலில் வியப்பு வந்தது. வியப்பு அடங்கிய இடத்தில் ஒரு சங்கடம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு கையின் அவசரத்தை இவ்வளவு பக்தியோடு காப்பாற்றுகிறவர்கள் அந்தக் கை யாருடையது என்று ஏன் கேட்பதில்லை?

அவர்கள் அக்கறையில்லாதவர்கள் என்று சொல்ல முடியாது. விவரம் சேகரிப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தாள் அச்சாகி லைனோடு போகும். எந்த இன்ஜின், எந்த கியர், என்ன நிறம், எந்த சீட், ரேடியோ உண்டா இல்லையா என்று கட்டம் கட்டமாகக் குறித்த தாள். வேலை முடிந்ததும் அதற்கு மதிப்பில்லை. லைனில் நின்றவர்கள் அதைப் பின்சீட்டின் ஸ்பிரிங்குக்குள் செருகினார்கள், பெட்ரோல் டேங்க்கின் மேல் மடித்து வைத்தார்கள், தரைவிரிப்புக்கு அடியில் தள்ளினார்கள். சில நேரம் பக்கத்து வண்டியின் தாளும் இந்த வண்டிக்குள் போய்விட்டது. எலி கடித்து, எண்ணெய் படிந்து, ஓரம் பொடிந்த அந்தத் தாள் இன்று கிடைத்துவிட்டால் வண்டியின் விலையே மாறும். பான்டியாக் கார்களின் பழைய விற்பனைச் சீட்டுகள் மைக்ரோஃபிலிமில் இருக்கின்றன, பணம் கட்டினால் நகல் தருகிறார்கள். 1967 முதலான ஃபோர்டு கார்களின் உற்பத்தித் தரவைக் கெவின் மார்ட்டி என்பவர் உரிமம் பெற்று வைத்திருக்கிறார். உங்கள் முஸ்டாங் எந்தத் தேதியில் கட்டப்பட்டது, அதே நிறத்தில் அதே இன்ஜினோடு இன்னும் எத்தனை வந்தன என்பதை ஒற்றை இலக்கம் வரை அவரால் சொல்ல முடியும். 1968இல் 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்குவீன் ஓட்டிய முஸ்டாங்கை ஒரு குடும்பம் 1974இல் 6,000 டாலருக்கு வாங்கியது. வீட்டம்மா அதை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூட வேலைக்குப் போய்வந்தார். 2020 ஜனவரியில் அது ஏலத்தில் கட்டணங்களோடு சேர்த்து 37 லட்சம் டாலருக்கு மேல் போனது. அதன் எண்ணில் உள்ள ஓர் எழுத்து, அது கலிபோர்னியாவின் சான் ஹோசே ஆலையில் பிறந்தது என்று சொல்கிறது. அந்த ஆலை 1983இல் மூடப்பட்டு, 1994இல் அதே கட்டடம் ஒரு பெரிய ஷாப்பிங் மால் ஆனது. வண்டிக்கு ஜாதகம் இருக்கிறது. அதைப் பெற்றெடுத்த இடத்தில் இப்போது துணிக்கடை.

இந்தச் சங்கடம் எங்கோ இருக்கும் அமெரிக்காவோடு முடிந்திருந்தால் எழுத வேண்டிய தேவை வந்திருக்காது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாக சிங்கப்பெருமாள்கோயில் போகும் சாலையில் அது கூடவே வருகிறது. இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை வருவதற்கு முன்பே 1990இல் பந்தயத் தடம் வந்துவிட்டது. அதுவரை சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருந்த பந்தயங்கள் இங்கே இடம் மாறின. 1996இல் ஹூண்டாய் வந்தது, 1998இல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிஸான், 2012இல் டெய்ம்லர் லாரிகள், 2013இல் ராயல் என்ஃபீல்டு. அந்தச் சாலை போய்ச் சேரும் ஜி.எஸ்.டி. ரோட்டில், மறைமலைநகரில், ஃபோர்டு. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமியில் முப்பதே ஆண்டுகளில் நடந்தது இது. இங்கே பிறக்கும் வண்டிக்கும் ஜாதகம் உண்டு. பதினேழு எழுத்தும் எண்ணுமாகச் சட்டத்தில் வெட்டப்பட்டிருக்கும். வண்டிக்குக் கடன் வாங்கியவர்களுக்கு அது தெரியும். ஏஜென்ட் வந்து, சேசிஸ் நம்பர் மேல் மெல்லிய தாளை ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து, கறுப்புக்கு நடுவே வெள்ளையாக எழுந்துவரும் எண்ணைப் படிவத்தில் ஒட்டிக்கொண்டு போவார். அந்த எண் எம்.ஏ.எல். என்று தொடங்கினால் அது இந்திய ஹூண்டாய். எம்.ஏ.ஜே. என்றால் இந்திய ஃபோர்டு. 2018 முதல் 2022 வரை அமெரிக்காவில் விற்ற ஈகோஸ்போர்ட் கார்கள் மறைமலைநகரில் கட்டி, கப்பலேற்றி அனுப்பியவை. ஏறக்குறைய அதே காலத்தில் மிச்சிகனில் கட்டிய முஸ்டாங்குகள் இங்கே வந்து இறங்கின. ஆக, மஸில் கார் பிறந்த நாட்டின் சாலைகளில் செங்கல்பட்டு மாவட்டத்துப் பிள்ளைகள் பூட்டிய வண்டிகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எண் இருக்கிறது, கண்ணாடியின் ஓரத்தில் குனிந்து பார்த்தால் யாரும் படிக்கலாம். பூட்டிய பிள்ளைகளின் பெயர் மட்டும் எந்தக் கண்ணாடியிலும் இல்லை.

ஒரகடம் கூட்ரோட்டில் பி ஷிப்ட் விட்ட நேரத்தில் ஒரு டீக்கடையில் செய்யாறு பக்கத்துப் பையன் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர். ஒரு கம்பெனியில் டிரெய்னி, அடுத்ததில் காண்ட்ராக்ட், இப்போது மூன்றாவது. அவருடைய வேலை சீட்பெல்ட் போல்ட்டு. துப்பாக்கி மாதிரியான கருவியை வைத்து அழுத்தினால், சொல்லிவைத்த இறுக்கம் வந்ததும் அது ஒலி கொடுத்து நின்றுவிடும். உடனே மார்க்கர் பேனாவால் போல்ட்டின் தலையையும் அதை ஒட்டிய தகட்டையும் சேர்த்து மஞ்சளாக ஒரு கோடு போட வேண்டும். "கோடு நேரா இருந்தா போல்ட்டு அசையலைன்னு அர்த்தம்ணா. தலையில ஒரு பக்கம், தகட்டுல ஒரு பக்கம்னு பிரிஞ்சு போச்சுன்னா லூஸ் ஆயிடுச்சுன்னு அர்த்தம். கோடே இல்லன்னா வண்டிய ரீவொர்க்குக்குத் தள்ளிடுவாங்க." வாடகைக் காரிலோ கம்பெனி பஸ்ஸிலோ ஏறினால் அவர் கண் தானாக சீட்டுக்கு அடியில் போகுமாம். கோடு இருக்கிறதா, நேராக இருக்கிறதா என்று பார்ப்பாராம். "எவனோ நம்மள மாதிரி ஒருத்தன் போட்டதுதானேண்ணா" என்றார். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் மெழுகுப் பென்சிலால் படியெடுக்கிற குறிக்கு இந்த மஞ்சள் கோடு நேர் வாரிசு. அங்கே கோட்டைப் பார்க்கிறவர் கோட்டை மட்டும் பார்க்கிறார். இந்தப் பையன் கோட்டைப் பார்த்து ஆளைப் பார்த்துவிட்டார்.

மஸில் கார் பற்றிய கதைகளை வாரக்கணக்கில் படித்தேன். அவை ஒரே மாதிரி தொடங்குகின்றன என்பது தாமதமாகத்தான் உறைத்தது. 1963இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிரிவுகளைப் பந்தயத்திலிருந்து விலகச் சொல்கிறது. நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் கூடாது என்று ஒரு விதியும் இருக்கிறது. அந்தப் பிரிவுகளில் ஒன்றான பான்டியாக்கின் ஜான் டிலோரியனும் அவருடைய பொறியாளர்களும் 389 கன அங்குல இன்ஜினை, தனி மாடலாக அறிவிக்காமல், லெமான்ஸ் காருக்கு விருப்பப்பட்டால் வாங்கிக்கொள்ளும் கூடுதல் அம்சமாகச் சேர்த்து விதியைத் தாண்டுகிறார்கள். பெயரை ஃபெராரியிடமிருந்து எடுத்து ஜி.டி.ஓ. என்று வைக்கிறார்கள். 5,000 விற்றால் பெரிது என்று நினைத்தது முதல் வருடமே 32,450 விற்றது. 1964இல் ஒரு பத்திரிகைக்கு ஓட்டிப்பார்க்கக் கொடுத்த வண்டியில் 389க்குப் பதில் 421 கன அங்குல இன்ஜினை ரகசியமாக வைத்திருந்ததை, விளம்பரம் கவனித்த ஜிம் வாங்கர்ஸ் பல பத்தாண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார். இன்னொரு கதையில் இல்லினாய் மாநிலத்து டீலர் ஃப்ரெட் கிப், டாக்ஸிகளுக்கும் போலீஸ் வண்டிகளுக்கும் மொத்தமாக ஆர்டர் எடுக்க வைத்திருந்த அலுவலக வழியைப் பயன்படுத்தி, கமாரோவில் 427 கன அங்குல அலுமினிய இன்ஜின் வைக்கச் சொல்கிறார். 1969இல் அப்படி வந்தவை 69 கார்கள். விலை 7,000 டாலரைத் தாண்டியதால் பல வண்டிகள் விற்காமல் திரும்பிப்போயின. கெட்டிக்காரத்தனம், துணிச்சல், விதியை வளைக்கும் சாமர்த்தியம் எல்லாம் இந்தக் கதைகளில் இருக்கின்றன, நான் ரசித்துத்தான் படித்தேன். ஆனால் எல்லாக் கதைகளும் ஆலையின் கேட்டுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. அதிகாரி யோசித்தார், டீலர் கேட்டார், பிறகு கார் வந்தது. நடுவில் நியூயார்க் மாநிலத்து டோனவாண்டாவில் அந்த இன்ஜினைக் கையால் சேர்த்தவர்களும், ஒஹையோவின் நார்வுட்டில் அதைக் காருக்குள் இறக்கிப் பூட்டியவர்களும் ஒரு வினைமுற்றுக்குள் மறைந்துபோகிறார்கள்.

அந்த நார்வுட் பற்றி இன்னொரு கதை இருக்கிறது, அதுதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. 1972 ஏப்ரலில் அங்கே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நிர்வாகத்தை மாற்றியமைத்து, ஆளைக் குறைத்து, மிஞ்சியவர்கள் தலையில் வேலையை ஏற்றியதற்கு எதிராக 174 நாள் நடந்த நிறுத்தம் அது. அவர்கள் லைனை விட்டு இறங்கியபோது பாதி பூட்டிய கமாரோ, ஃபயர்பேர்டு கார்கள் ஆயிரத்து நூறு அளவுக்கு அப்படியே நின்றன. அவர்கள் திரும்பி வந்தபோது 1973க்கான பம்பர் விதி வந்திருந்தது. அந்த விதிக்கு ஏற்ப மாற்ற முடியாததால், விற்க வழியில்லாமல் அந்தக் கார்களைக் கழித்துக்கட்டினார்கள். கமாரோ என்ற காரையே நிறுத்திவிடலாமா என்று நிறுவனம் யோசிக்கும் அளவுக்குப் போனது. இன்று ஏலத்தில் 1972ஆம் ஆண்டு கமாரோ வந்தால் 'அரிது' என்ற சொல் தவறாமல் வரும். அந்த அரிதுக்குக் காரணம் என்ன? ஆறு மாதம் சம்பளமில்லாமல் கேட்டுக்கு வெளியே நின்ற குடும்பங்கள். அவர்கள் கட்டாத கார்கள்தாம் கட்டிய கார்களின் விலையை ஏற்றின. சேகரிப்பவர்கள் எண்ணுவது குறைந்துபோன கார்களை. அவை குறைந்ததற்குப் பின்னால் இருந்த வாடகை பாக்கியையும் பள்ளிக்கூடக் கட்டணத்தையும் எந்த மைக்ரோஃபிலிமும் வைத்திருக்கவில்லை. மஸில் காரைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறார்கள், அதன் விலைக்குள் ஒரு வேலைநிறுத்தம் ஒளிந்திருப்பதை ஏலக் கையேட்டில் ஒரு வரியாகச் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

1970ஐ மஸில் காரின் உச்ச ஆண்டு என்கிறார்கள். ஷெவல் காரில் 450 குதிரைசக்தி இன்ஜின், உயரமான இறக்கை வைத்த பிளிமவுத் சூப்பர்பேர்டு, டாட்ஜ் சேலஞ்சர் எல்லாம் அந்த ஆண்டுக்குரியவை. அதே டாட்ஜின், டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராம்க் ஆலையில், சேலஞ்சர் அங்கே வருவதற்கு முன்பே, லைனின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனதை எதிர்த்து 1968 மே மாதம் வேலைநிறுத்தம் வெடித்தது. அதிலிருந்து கறுப்பினத் தொழிலாளர்களின் 'டாட்ஜ் புரட்சிகரத் தொழிற்சங்க இயக்கம்' பிறந்தது. அவர்கள் எதிர்த்தது நிர்வாகத்தை மட்டுமல்ல, தங்களைக் கண்டுகொள்ளாத தங்கள் சங்கத் தலைமையையும். கிரைஸ்லர் கார்களுக்கு அச்சு தயாரித்த எல்டன் அவென்யூ ஆலையில் 1970 மே மாதம், பழுதான சுமைதூக்கி வண்டி கவிழ்ந்து, வியட்நாம் போரிலிருந்து உயிரோடு திரும்பிய ஓர் இளைஞர் இரும்புக் குவியலுக்கு அடியில் இறந்தார். உச்ச ஆண்டின் கார்களைப் பார்க்கும்போதெல்லாம் இனி எனக்கு அந்தச் சாவு நினைவுக்கு வரும். அந்த ஹாம்ட்ராம்க் ஆலை 1980 ஜனவரியில் மூடப்பட்டது. அதன் இடத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் புது ஆலை கட்ட, பக்கத்தில் இருந்த போல்டவுன் என்ற குடியிருப்பு 1981இல் இடிக்கப்பட்டது. 4,000க்கும் மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். சிப்காட் தொழிற்பேட்டைகளுக்காக நிலம் எடுத்த ஊர்களில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கதையின் பிற்பகுதியை விளக்க வேண்டியதில்லை.

டெட்ராய்ட்டையும் ஒரகடத்தையும் ஒரே தராசில் வைக்கலாமா என்ற தயக்கம் எனக்கு இருக்கிறது. டெட்ராய்ட் தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது, ஒப்பந்தம் இருந்தது. தான் பூட்டிய காரைத் தானே வாங்கும் அளவுக்குப் பலருக்குச் சம்பளமும் இருந்தது. ஆலை வாசலில் நின்ற கார்களில் தொழிலாளிகளின் மஸில் கார்களும் இருந்தன. ஒரகடத்தில் எஸ்.யூ.வி. பூட்டுகிறவர் கம்பெனி பஸ்ஸில் போய், ஆறேழு பேர் சேர்ந்து எடுத்த அறையில் ஷிப்ட் மாற்றிப் படுக்கிறார். நிரந்தரத் தொழிலாளியும் காண்ட்ராக்ட் தொழிலாளியும் டிரெய்னியும் ஒரே லைனில் நின்று ஒரே போல்ட்டைப் பூட்டினாலும், சீருடையின் நிறமும் மாதக் கடைசியில் வரும் தொகையும் வேறு. இங்கே வரலாறு சுருங்கி, வேகமாக நடக்கிறது. 2006இல் வந்த நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. அந்த எட்டு வருடத்துக்குள், 2010 அக்டோபர் இறுதியில், ஓர் இளம்பெண் தொழிலாளி இயந்திரத்தில் சிக்கி இறந்தார். 2018இல் ஒரகடத்தில் யமஹா, ராயல் என்ஃபீல்டு தொழிலாளர்கள் அடுத்தடுத்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 2022இல் மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் கடைசிக் கார் இறங்கியது. அதற்கு முன் சில வாரங்கள் தொழிலாளர்கள் நியாயமான இழப்பீடு கேட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 37 நாள் வெளியே நின்றார்கள். சம்பளம் கேட்டார்கள்தான், அதைவிட முதன்மையாகத் தங்கள் சங்கத்தைப் பதிவு செய்யச் சொல்லி நின்றார்கள். தங்கள் பெயரில் ஒரு பதிவேடு வேண்டும் என்பதுதானே அந்தக் கோரிக்கையின் சாரம்? 2025 ஜனவரியில் அது பதிவானது. பதினேழு எழுத்தில் ஒரு கார் பதிவாக நொடிகள் போதும். மனிதர்கள் சேர்ந்து பதிவாக ஒரு மாதத்துக்கு மேல் வெயிலில் நிற்க வேண்டியிருந்தது, அதற்குப் பிறகும் மாதங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் என்னையே மறித்து ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். பெயர் அவ்வளவு முக்கியமா? கோயில் கட்டிய சிற்பிகள் பெயர் சொல்லாமல்தான் போனார்கள், அதுதான் நம் மரபு என்று பெருமையாகச் சொல்வார்கள். பக்கத்திலேயே காஞ்சிபுரம் இருக்கிறது, கைலாசநாதர் கோயிலைச் செதுக்கியவர்கள் யார் என்று யாருக்குத் தெரியும்? வேலைதான் பேச வேண்டும், ஆள் பேசக் கூடாது என்ற எண்ணம் அழகானதாகவே தெரியும். ஆனால் அது முழு உண்மை இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்று கட்டியவனின் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அங்கே பணி செய்ய வரவழைக்கப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்களின் பட்டியல். ஒவ்வொருத்தியின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்று கல்லில் இருக்கிறது. பாடியவர், கொட்டியவர், தைத்தவர், குயவர், வண்ணார் என்று பட்டியல் நீள்கிறது. அந்தப் பெண்கள் விரும்பி வந்தார்களா என்பதைக் கல்வெட்டு சொல்லாது. ஆனால் ஏன் எழுதினார்கள் என்பதைச் சொல்லும். ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். புகழுக்காக எழுதிய பெயர்கள் இல்லை அவை, கூலிக்காக எழுதியவை. பெயர் கல்லில் இருந்தால் பங்கை யாரும் மறுக்க முடியாது. பெயர் என்பது முதலில் ஓர் உரிமைச் சீட்டு என்பதை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நாம் அறிந்திருந்தோம். காண்ட்ராக்ட் தொழிலாளியின் பெயர் கம்பெனியின் பதிவேட்டில் இருக்காது, ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில் இருக்கும். ஒப்பந்தக்காரர் மாறினால் அந்தப் பதிவேடும் போய்விடும். நாளைக்கு அவர் கையில் நடுக்கமோ முதுகில் வலியோ வந்து, இந்த லைனில் இத்தனை வருடம் நின்றேன் என்று சொல்ல வேண்டி வந்தால், அதற்குச் சாட்சி எங்கே? அவர் போட்ட மஞ்சள் கோடு எந்த நாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறதோ.

இதற்கு வேறொரு பக்கமும் உண்டு, அதையும் மறைக்க விரும்பவில்லை. மஸில் கார்களும் ஒரு காலத்தில் யாருக்கும் வேண்டாதவையாகக் கிடந்தன. 1973இல் எண்ணெய் விலை ஏறியபின், இன்ஷூரன்ஸ் கட்டணமும் சேர்ந்து நெருக்க, இளைஞர்கள் அவற்றை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். எத்தனையோ வண்டிகள் நசுக்கப்பட்டு இரும்பாயின. புல்லிட் படத்தில் ஓடிய இன்னொரு முஸ்டாங், 2017இல் மெக்சிகோவின் ஒரு பழைய இரும்புக் கிடங்கில் கிடந்து அகப்பட்டது. எது பிற்காலத்தில் மதிக்கப்படும் என்பதை யாராலும் இப்போதே சொல்ல முடியாது. ஈகோஸ்போர்ட்டையோ சான்ட்ரோவையோ ஒருநாள் யாராவது டார்ச் அடித்து, குனிந்து, மஞ்சள் கோடு அன்று போட்டதுதானா என்று பார்ப்பார்களா? நம்புவது கடினம், மறுப்பதும் கடினம். அப்படிப் பார்க்கும் நாள் வந்தால் அவர்களுக்குக் காரைப் பற்றிய எல்லாமே கிடைக்கும். கணினியில் முக்கியமான போல்ட்டுகளின் இறுக்கம்கூட இன்று பதிவாகிறது. டெட்ராய்ட்டில் தாளைச் செருகியவர்களாவது தெரியாமல் ஒரு தடயம் விட்டுப்போனார்கள். இங்கே தாளும் இல்லை. ஆகவே ஆளின் தடயத்தை ஆள்தான் விட்டுப்போக வேண்டும். டெட்ராய்ட்டுக்கு ஃபிலிப் லெவின் இருந்தார். செவ்ரோலே கியர் ஆலையில் வேலை பார்த்த அந்தக் கவிஞர், பிறகு வாழ்நாள் முழுக்க லைனில் உடன் நின்றவர்களை எழுதினார். நமக்கும் இந்த மரபு புதிதல்ல. தூத்துக்குடி உப்பளத்துக்கு ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' இருக்கிறது. திண்டுக்கல் தோல் பதனிடும் கூடங்களுக்கு டி.செல்வராஜின் 'தோல்' இருக்கிறது. ஒரகடத்துக்கும் அப்படி ஒரு நாவல் வேண்டும். அதை வெளியிலிருந்து போய்ப் பார்த்து எழுதுகிற என்னைப் போன்றவர்களைவிட, லைனில் நின்ற ஒருவர் எழுதினால்தான் அது நிற்கும்.

நாவலுக்குக் காத்திருக்க நேரமில்லை என்பதால் சின்னதாக ஒன்றைக் கேட்கிறேன். சங்கங்கள் தங்கள் போராட்ட நோட்டீஸ்களையும் உறுப்பினர் பட்டியல்களையும் பழைய பேப்பர் கடைக்குப் போடாமல் ஒரு நூலகத்தில் சேர்க்க வேண்டும். காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டக் கல்லூரிகளின் தமிழ்த் துறையும் வரலாற்றுத் துறையும் மாணவர்களை இந்த ஊர்களுக்கு அனுப்பி, மூடப்பட்ட ஆலைகளில் வேலை பார்த்தவர்களின் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். நோக்கியா லைனில் நின்ற பெண்களில் பலருக்கு இன்று நாற்பதை ஒட்டிய வயதுதான் இருக்கும், நினைவு இன்னும் கலையாமல் இருக்கும். லைனில் நிற்கிறவர்களிடம் நேராகவே சொல்கிறேன்: ஐ.டி. கார்டைத் திருப்பிக் கொடுக்கும் முன் அதை போன் கேமராவில் இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். சம்பளச் சீட்டைக் கிழிக்காதீர்கள். எந்த ஆண்டு, எந்த ஆலை, எந்த லைன், என்ன வேலை, என்ன கூலி என்ற ஐந்தையும் ஒரு நோட்டில் உங்கள் கையெழுத்தில் எழுதி, பெயரும் தேதியும் போட்டு, வீட்டில் பத்திரப்படுத்துங்கள். விரும்பினால் ஒரு நகலை இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள்.